கருவறையும் கூடும்: சுண்டெலியின் அச்சத்தில் மரபணுவும் இளமைச் சூழலும்

பொருளும் எல்லையும்

ஓர் உயிரின் இயல்பில் பிறப்பால் வந்தது எவ்வளவு, வளர்ப்பால் வந்தது எவ்வளவு என்ற வினா மிகப் பழையது. மனிதரிடம் இவ்வினாவுக்குத் தெளிந்த விடை காண்பது அரிது. ஏனெனில் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு மரபணுக்களையும் தருகின்றனர், வீட்டையும் தருகின்றனர். இரண்டும் ஒரே கையிலிருந்து வருவதால் எது எதன் விளைவு என்று பிரித்தறிவது கடினமாகிறது. இவ்விரண்டையும் தனித்தனியே வைத்து நோக்க இடந்தரும் உயிரினமாக ஆய்வுக்கூடச் சுண்டெலி கடந்த ஒரு நூற்றாண்டாக அறிவியலுக்குப் பயன்பட்டு வருகிறது. மரபணுக்கள் மாறாதிருக்கத் தாயை மட்டும் மாற்றலாம். தாய் மாறாதிருக்க மரபணுவை மாற்றலாம். இன்னும் நுட்பமாக, ஒரு மரபணுவை வாழ்நாளின் சில வாரங்களுக்கு மட்டும் இயங்கவிட்டு மற்றக் காலத்தில் அடக்கியும் வைக்கலாம். இத்தகைய ஆய்வுகள் அச்சம் பற்றிக் கண்டறிந்தவற்றைத் தொகுத்துரைப்பதும், அச்சம் உருவாகும் விதத்தை அறிய 'எவ்வளவு' என்று கேட்பதைவிட 'எப்போது' என்று கேட்பதே பயன் தரும் என்பதை எடுத்துக்காட்டுவதும் இச்சொற்பொழிவின் நோக்கங்களாகும்.

இங்கு அச்சம் என்ற சொல் ஆளப்படும் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். சுண்டெலி உள்ளுக்குள் என்ன உணர்கிறது என்பதை எந்தக் கருவியும் காட்டுவதில்லை. அதன் உடலில் வெளிப்படுவதை மட்டுமே ஆய்வாளர் அளக்கின்றனர். உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்பட்டுப் பிறரால் அறியப்படுவதை 'மெய்ப்பாடு' என்று பெயரிட்டு, எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தையும் தொல்காப்பியம் வைத்துள்ளது. ஆய்வுக்கூடம் அளப்பது இந்தப் பொருளிலான மெய்ப்பாட்டையே: உறைந்து நிற்றல், ஒதுங்குதல், புழுக்கை இடுதல், குருதியில் நெருக்கடி ஹார்மோன் ஏறுதல் ஆகியவற்றையே. எனவே இவ்வுரையில் அச்சம் என்பது அச்சத்தின் அடையாளமாகக் கொள்ளப்படும் நடத்தையையும் உடல் மாற்றத்தையும் குறிக்கும். மேலும், சுண்டெலி என்பது வீட்டில் திரியும் சிறிய எலியினத்தையும், எலி என்று மட்டும் கூறும்போது அதனினும் பெரிய, வேறோர் இனமான ஆய்வுக்கூட எலியையும் குறிக்கும். ஒன்றில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே ஏற்றிக் கூறலாகாது என்பதால் இவ்வேறுபாடு நெடுகிலும் பேணப்படுகிறது.

அச்சத்தை அளக்கும் முறைகள்

அச்சத்தை அளப்பதற்கு மூன்று முறைகள் பெரிதும் வழக்கில் உள்ளன. முதலாவது, 1934இல் கால்வின் ஹால் என்ற உளவியலாளர் எலிகளைக் கொண்டு அறிமுகப்படுத்திய திறந்தவெளிச் சோதனை. ஒளி மிக்க, மறைவிடமற்ற அரங்கில் விலங்கை விட்டு அது எவ்வளவு தூரம் நடக்கிறது, நடுப்பகுதிக்கு வருகிறதா, எத்தனை புழுக்கை இடுகிறது என்று எண்ணுவது அது. அஞ்சும் விலங்கு சுவரோரமாகவே ஒண்டி நிற்கும். புழுக்கையும் மிகுதியாக இடும்.

இரண்டாவது, கூட்டல்குறி வடிவில் அமைந்த உயர் பாதை. தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் நான்கு குறுகிய பலகைகள் நடுவில் கூடுகின்றன; எதிரெதிரான இரண்டு பலகைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் இருபுறமும் திறந்தவை. நடுவில் விடப்பட்ட சுண்டெலி பெரும்பாலும் சுவருள்ள பகுதிக்குள் முதலில் ஒதுங்குகிறது. சுவரோடு உடலை ஒட்டிக்கொண்டு மீசை மயிர்கள் துடிக்கக் காற்றை முகர்கிறது. சற்று நேரம் கழித்து, பின்னங்கால்களை மறைவிலேயே ஊன்றியபடி உடலை நீட்டித் தலையை மட்டும் திறந்த பலகையின்மேல் கொண்டுவந்து பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. புதிய இடத்தில் இரை கிடைக்கக்கூடும் என்ற ஆவலும், திறந்த வெளியில் பருந்தும் ஆந்தையும் காணக்கூடும் என்ற எச்சரிக்கையும் அச்சிறு உடலை இருபுறமும் இழுப்பதை அந்த நீட்சியில் காணலாம். ஐந்து நிமிடத்தில் திறந்த பலகையில் கழித்த நேரமே இங்கு அளவை.

மூன்றாவது, அச்சத்தைக் கற்பித்தல். ஓர் ஒலியை எழுப்பி, அது முடியும் தறுவாயில் பாதத்தில் சிறு மின்னதிர்ச்சி தந்தால், மறுநாள் ஒலி மட்டும் கேட்டாலும் சுண்டெலி மூச்சின் அசைவைத் தவிர வேறு அசைவின்றி உறைந்து நிற்கும். காதில் விழுந்த ஒலி மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாக, வாதுமைப் பருப்பின் வடிவுடைய அமிக்டலா என்ற பகுதியை அடைந்து அங்கே அதிர்ச்சியோடு இணைகிறது என்பதை ஜோசப் லெடூ முதலியோர் எலிகளில் நிகழ்த்திய ஆய்வுகள் தெளிவாக்கின.

தூய வழிகளும் மரபணுவின் வலிமையும்

மரபணுவின் பங்கை அறிவதற்கு அடிப்படையாக அமைந்தவை தூய வழிகள். உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் இருபது தலைமுறைக்குக் குறையாமல் இணைத்து வளர்த்தால், அவ்வழியில் பிறக்கும் சுண்டெலிகள் அனைத்தும் மரபணு அளவில் ஏறத்தாழ ஒத்த இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒன்றாகிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சுண்டெலி வளர்த்து விற்றுவந்த அபி லாத்ராப் என்ற பெண்மணியிடமிருந்து பெற்ற விலங்குகளைக் கொண்டு கிளாரன்ஸ் குக் லிட்டில் 1921இல் தொடங்கிய கறுப்பு நிற வழியே இன்று உலகெங்கும் பயன்படும் சி57பிஎல்/6. அவரே 1929இல் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். ஹால்சி பேக் 1913இல் வாங்கிய வெண்ணிறச் சுண்டெலிகளின் வழியாக வந்தது பால்ப்/சி. எளிமை கருதி, இவற்றை இனிக் கருவழி என்றும் வெண்வழி என்றும் குறிக்கலாம்.

கருவழிச் சுண்டெலி புதிய இடத்தில் துணிந்து உலவுகிறது. வெண்வழிச் சுண்டெலி ஒதுங்கி அஞ்சுகிறது. ஒரே வகைக் கூட்டில், ஒரே தீனி தின்று வளர்ந்தவை தலைமுறை தலைமுறையாக இவ்வாறு வேறுபடுவதால், இவ்வேறுபாடு மரபணுவிலிருந்தே வருகிறது என்று கருதுவது இயல்பு. இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது ஜான் டிஃப்ரீஸ் தலைமையில் கொலராடோவில் நடந்த நெடிய ஆய்வு. இவ்விரு வழிகளையும் கலந்து பெற்ற சந்ததியில், திறந்த அரங்கில் மிகுதியாக நடந்தவற்றை ஒரு பக்கமும் மிகக் குறைவாக நடந்தவற்றை மறுபக்கமும் பிரித்து, அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே இணைத்துவந்தனர். முப்பது தலைமுறைகளின் முடிவில் இரு பக்கங்களின் நடமாட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு முப்பது மடங்கைக் கடந்தது என 1978இல் அவர்கள் வெளியிட்டனர். ஒரே பாய்ச்சலில் அன்றிப் படிப்படியாகவே வேறுபாடு வளர்ந்ததால், ஒரு மரபணு அன்று, பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன என்பதும் புலனாயிற்று. அவ்வாறு பிரிந்த வழிகளையே மீண்டும் கலந்து ஆராய்ந்த ஜொனாதன் ஃபிளின்ட் முதலியோர், இவ்வேறுபாட்டுக்குக் காரணமான ஆறு மரபணுப் பகுதிகளை 1995இல் அடையாளங்கண்டனர். அவற்றுள் மூன்று பகுதிகள் திறந்த அரங்கில் மட்டுமன்றி அச்சத்தை அளக்கும் வேறு சோதனைகளிலும் செல்வாக்குச் செலுத்தின. முதலாம் குரோமோசோமில் உள்ள பகுதியை மேலும் துருவி, செல்லுக்குள் செல்லும் சைகையை மட்டுப்படுத்தும் புரதத்தை ஆக்கும் ஆர்ஜிஎஸ்2 என்ற மரபணுவுக்கு அதில் பங்குண்டு என்று 2004இல் காட்டினர்.

மரபணு மூளையின் வழிகளை எவ்வளவு உறுதியாக அமைத்துவிடக்கூடும் என்பதற்கு டோக்கியோப் பல்கலைக்கழகத்தவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு சான்று. மூக்கின் மேற்பகுதியிலுள்ள மணமறியும் செல்கள் இல்லாதவாறு மரபணு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகள் நரியின் நாற்றத்தை முகர்ந்தறிந்தன; ஆனால் அதற்கு அஞ்சவில்லை. அந்நாற்றத்தை வெறுத்து விலகுமாறு அவற்றைப் பயிற்றுவிக்கவும் முடிந்தது. பகையை ஒருமுறையும் கண்டிராத சுண்டெலிக்கும் பிறவியிலேயே அமைந்த அச்சவழி ஒன்று உண்டென்பதும், கற்று அஞ்சும் வழி அதினின்று வேறானது என்பதும் இதனால் தெளிவாயின.

எனினும் மரபணுவுக்கும் அச்ச அளவைக்கும் இடையே உள்ள வழி எப்போதும் அச்சத்தின் ஊடாகவே செல்வதில்லை. வெண்ணிறச் சுண்டெலிகளின் தயக்கத்தில் ஒரு பகுதி, நிறமியைத் தடுக்கும் ஒற்றை மரபணுவால் வருகிறது என டிஃப்ரீஸும் உடன் ஆய்வாளரும் 1966இலேயே கண்டனர். நிறமியற்ற கண்ணுக்கு வெள்ளொளி கூசுகிறது. சுண்டெலிக்கு மங்கலாகவே தெரியும் சிவப்பொளியில் சோதித்தபோது அவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது. விளக்கின் நிறம் மாறியதும் ஒரு மரபணுவின் விளைவு குறைந்துவிடுமாயின், அம்மரபணுவை 'அச்சத்துக்கான மரபணு' என்று அழைப்பது எவ்வளவு பிழையாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாயின் நாக்கு

சுண்டெலி ஏறத்தாழ மூன்று வாரம் கருவில் வளர்ந்து, மயிரின்றி, கண் திறவாமல், தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கவியலாத நிலையில் பிறக்கிறது. கண் திறக்க இரு வாரமும், பால் மறக்க மூன்று வாரமும் ஆகின்றன. அதன் உலகம் அவ்வளவு காலமும் ஒரு பிடி கூளத்தால் ஆன கூடும், தாயின் வயிற்றுச் சூடும், உடலெங்கும் நக்கிச் செல்லும் அவளுடைய நாக்குமே. அந்த நாக்கு குட்டியைத் தூய்மைப்படுத்துவதோடு நிற்கவில்லை என்பதே பிற்கால ஆய்வுகள் கண்ட உண்மை.

1950களில் சீமோர் லெவின், எலிக்குட்டிகளை நாள்தோறும் சிறிது நேரம் கூட்டிலிருந்து எடுத்து வைத்துத் திரும்ப விட்டால், அவை வளர்ந்தபின் நெருக்கடியை எளிதில் தாங்குகின்றன என்று காட்டினார். திரும்பி வந்த குட்டிகளைத் தாய் மிகுதியாக நக்குவதே இதற்குக் காரணமாகலாம் என்ற கருத்தை, மான்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி முதலியோர் தொடர்ந்து ஆராய்ந்தனர். இயல்பாகவே நிறைய நக்கும் தாய்களின் குட்டிகள் அச்சம் குறைந்தவையாகவும், குறைவாக நக்கும் தாய்களின் குட்டிகள் அச்சம் மிக்கவையாகவும் வளர்ந்தன. பிறந்தவுடன் குட்டிகளை இடம் மாற்றி வைத்தபோது அவை பெற்ற தாயைப் போலன்றி வளர்த்த தாயைப் போல ஆயின.

இது உடலில் நிகழும் விதத்தை அறிய நெருக்கடி ஹார்மோனின் இயக்கத்தை அறிதல் வேண்டும். ஆபத்தை உணர்ந்த மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து கார்ட்டிகோஸ்டிரோன் குருதியில் கலக்கிறது. இந்த ஹார்மோனே மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதிக்குச் சென்று அங்குள்ள ஏற்பிகளில், அதாவது ஹார்மோன் வந்து பொருந்தும் புரதங்களில் ஒட்டி, சுரந்தது போதும் என்ற செய்தியைத் தருகிறது. ஏற்பிகள் நிறைய இருந்தால் செய்தி விரைவில் எட்டும்; குறைவாயின் சுரப்பு நெடுநேரம் நீளும். நிறைய நக்கப்பட்ட எலிகளில் இந்த ஏற்பிகள் மிகுதியாக இருந்தன. காரணம் ஏற்பியை ஆக்கும் மரபணுவின் எழுத்துகளில் இல்லை; அம்மரபணுவை இயக்கும் பகுதியின்மேல் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக்குறியில் உள்ளது என்று 2004இல் மீனி குழுவினர் வெளியிட்டனர். மெத்தில் மிகுதியாக ஒட்டினால் மரபணு அடங்கும், குறைந்தால் இயங்கும். மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் இயக்கம் மாறி நிலைப்பதை ஆராயும் இத்துறை மேல்மரபியல் எனப்படும்.

சுண்டெலிகளிலும் இதற்கு இணையான சான்று கிடைத்துள்ளது. பிறந்த முதல் பத்து நாள்களில் நாள்தோறும் மூன்று மணி நேரம் தாயைப் பிரிந்திருந்த சுண்டெலிக் குட்டிகளின் ஹைப்போதலாமஸில், நெருக்கடி ஹார்மோனைத் தூண்டும் வாசோபிரசின் மரபணுவின் ஒரு பகுதியில் மெத்தில் குறைந்து, அம்மரபணு கூடுதலாக இயங்கத் தொடங்கி, அந்நிலை வளர்ந்தபின்னும் நீடித்தது என்பதை மியூனிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் உளமருத்துவ நிறுவனத்தார் 2009இல் காட்டினர். பத்து நாள்களின் பிரிவு வளர்ந்த உடலிலும் எழுதப்பட்டுக் கிடக்கிறது.

கருவறையும் கூடும் சேர்ந்தபோது

இனி முதலில் கண்ட இரு வழிகளுக்கே திரும்பலாம். கருவழியின் துணிவும் வெண்வழியின் அச்சமும் மரபணுவின் விளைவே எனில், கருவழிக் குட்டி எங்கே வளர்ந்தாலும் துணிவுடனேயே இருக்க வேண்டும். பிறந்தபின் வெண்வழித் தாயிடம் விட்டு வளர்த்த கருவழிக் குட்டிகள் பெரிதும் மாறாமலே இருந்தது அக்கருத்துக்கு ஆதரவாகவும் தோன்றியது.

2003இல் டார்லீன் ஃபிரான்சிஸ், தாமஸ் இன்செல் ஆகியோரும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியைப் பிறப்புக்கும் முன்னே கொண்டுசென்றது. கருவழிச் சுண்டெலியின் கருக்களை மிக இளம் நிலையிலேயே எடுத்து, சிலவற்றை வேறொரு கருவழித் தாயின் கருப்பையிலும், சிலவற்றை வெண்வழித் தாயின் கருப்பையிலும் வைத்தனர். பிறந்தபின் ஒவ்வொரு தொகுதியையும் மீண்டும் இரண்டாகப் பிரித்துக் கருவழி அல்லது வெண்வழிச் செவிலித் தாயிடம் விட்டனர். நான்கு தொகுதிகளிலும் மரபணு ஒன்றே. மாறியவை கருவறையும் கூடும் மட்டுமே. வெண்வழிக் கருவறையில் வளர்ந்து கருவழித் தாயிடம் பால் குடித்தவை மாறவில்லை. கருவழிக் கருவறையில் வளர்ந்து வெண்வழித் தாயிடம் பால் குடித்தவையும் மாறவில்லை. வெண்வழிக் கருவறை, வெண்வழிக் கூடு ஆகிய இரண்டையும் பெற்றவை மட்டும், உடலெங்கும் கறுப்பு மயிருடன் கருவழியின் மரபணுக்களையே தாங்கியிருந்தும், திறந்த அரங்கிலும் உயர் பாதையிலும் வெண்வழிச் சுண்டெலிகளைப் போல அஞ்சி ஒதுங்கின.

இம்முடிவு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. கருவறைக்கு இவ்வளவு, கூட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கூட்டினால் இவ்விளைவு கிடைக்காது; தனித்தனியே ஒவ்வொன்றின் விளைவும் சுழியத்தை ஒட்டியது, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தபோதோ முழு மாற்றம் விளைந்தது. கருவறை குட்டியின் மூளையை ஏதோ ஒரு விதத்தில் ஆயத்தப்படுத்துகிறது. கூடு அந்த ஆயத்தத்தின்மேல் கட்டுகிறது. தலைமுறைதோறும் மாறாமல் வந்ததால் மரபணுவின் விளைவாகவே கொள்ளப்பட்ட ஒரு வேறுபாட்டில், தாயின் உடலும் செயலும் பெரும்பங்கு வகித்து வந்தன. ஒவ்வொரு குட்டியும் தன் வழியைச் சேர்ந்த தாயின் வயிற்றிலேயே உருவாகி அவளிடமே வளர்ந்ததால் அப்பங்கு கண்ணுக்குப் புலப்படாமல் இருந்தது.

காலம் என்னும் மூன்றாம் கூறு

மரபணுவை இயக்கியும் அடக்கியும் பார்க்கும் ஆய்வுகள் இக்கருத்தை மறுபக்கத்திலிருந்து நிறுவுகின்றன. செரட்டோனின் என்ற நரம்புச் சைகைப் பொருளை ஏற்கும் 1ஏ ஏற்பி இல்லாத சுண்டெலிகள் அச்சம் மிக்கவை என்பதை மூன்று ஆய்வுக் குழுக்கள் 1998இல் தனித்தனியே கண்டன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென் குழுவினர், டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைத் தீனியில் கலந்து தந்தால் அம்மரபணு அடங்குமாறும், மருந்தை நிறுத்தினால் இயங்குமாறும் அமைந்த சுண்டெலிகளை உருவாக்கினர். 2002இல் வெளியான அவர்களது முடிவின்படி, இளமையில் ஏற்பி இயங்கி, வளர்ந்தபின் அடக்கப்பட்ட சுண்டெலி இயல்பாகவே இருந்தது. இளமையில் அடக்கப்பட்டு, வளர்ந்தபின் ஏற்பி மீண்டும் இயங்கிய சுண்டெலியோ அச்சம் நீங்காமலே வாழ்ந்தது. ஒரே மரபணு ஒரு பருவத்தில் வாழ்நாள் இயல்பை வகுக்கிறது. பருவம் தவறி வந்தால் அவ்வியல்பை மாற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. பருவத்தே பெய்யாத மழையால் விளைச்சல் மீளாதது போன்றது இது.

கற்ற அச்சத்துக்கும் இத்தகைய பருவம் உண்டு. ஒலியை அதிர்ச்சியின்றித் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால் அச்சம் தணியும். பிறந்து 16 நாளான சுண்டெலியிடம் இவ்வாறு தணிந்த அச்சம் முற்றாக அழிந்துவிடுகிறது, 23 நாளானதிடமோ அது உள்ளே ஒளிந்திருந்து பின்னர் மீண்டும் தலைதூக்குகிறது. இடைப்பட்ட நாள்களில் அமிக்டலாவின் நரம்புச் செல்களைச் சுற்றி வலை போன்ற ஓர் உறை படிகிறது. அவ்வுறையை ஒரு நொதியால் கரைத்தபின் கற்பித்த அச்சம், வளர்ந்த சுண்டெலியிடமும் குட்டியிடம் போலவே அழியக்கூடியதாயிற்று என்பது 2009இல் வெளியான செய்தி. பருவத்தின் கதவு தானாக மூடுவதன்று, மூளை அதைப் பொருளால் மூடுகிறது என்பது இதனால் விளங்குகிறது.

கொள்ள வேண்டிய எச்சரிக்கை

சூழல் என்பது ஆய்வாளர் திட்டமிட்டு மாற்றுவது மட்டுமன்று. ஜான் கிராப், டக்ளஸ் வால்ஸ்டென், புரூஸ் டூடெக் ஆகிய மூவர் போர்ட்லாந்து, எட்மன்டன், ஆல்பனி ஆகிய மூன்று நகரங்களில், எட்டு வழிச் சுண்டெலிகளை ஒரே வகைக் கருவி, ஒரே வகைத் தீனி, ஒரே நேர ஒழுங்கு என்று முயன்று ஒருமைப்படுத்திச் சோதித்தும், சில சோதனைகளில், குறிப்பாக உயர் பாதையில், முடிவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன என்று 1999இல் வெளியிட்டனர். சோதிப்பவர் ஆணாயின் அவரது உடல் மணமே சுண்டெலிகளுக்கு நெருக்கடி தருகிறது என்பது 2014இல் தெரியவந்தது. மேலும், மரபணு ஒன்றேயான நாற்பது பெண் சுண்டெலிகளை ஒரே பெரிய கூண்டில் மூன்று மாதம் வாழவிட்டு, அவற்றின் நடமாட்டத்தைத் தொடர்ந்து பதிவுசெய்த ஜெர்மனி ஆய்வாளர்கள், நாள் செல்லச் செல்ல ஒவ்வொன்றும் தனக்கென ஒரு போக்கைக் கொண்டு மற்றவற்றிலிருந்து விலகிச் சென்றதை 2013இல் காட்டினர். மரபணுவும் கூண்டும் ஒன்றாகவே இருந்தும் ஒவ்வோர் உயிரும் தன் நடமாட்டத்தால் தனக்கான சூழலைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

இவற்றை மனிதருக்குப் பொருத்துவதில் நிதானம் வேண்டும். சுண்டெலிக் குட்டி பிறக்கும்போது அதன் மூளை மனிதக் குழந்தையின் மூளையைவிடப் பெரிதும் முதிராதது. நாள்களை நாள்களோடு ஒப்பிட இயலாது. மனிதக் குழந்தையை வளர்ப்பது தாய் ஒருத்தி மட்டும் அன்று, ஒரு குடும்பமும் ஊரும் ஆகும். குறிப்பாக, குழந்தையின் அச்சத்துக்குத் தாயைக் குற்றம் சாட்டும் கருவியாக இவ்வாய்வுகளை எவரும் கையாளலாகாது. அவ்வாறு கையாள்வது அறத்துக்கு மட்டுமன்றி ஆய்வுகளின் முடிவுக்கும் எதிரானது. நிறைய நக்கும் இயல்புடைய தாய் எலிகளும் கருவுற்றிருக்கையில் நெருக்கடிக்கு உள்ளாக்கப்பட்டால் தம் குட்டிகளைக் குறைவாகவே நக்குகின்றன. தாயின் நாக்குக்குப் பின்னால் தாய் வாழ்ந்த நாள்கள் நிற்கின்றன. அவள் எய்திய அமைதியோ அவளுக்கு நேர்ந்த துன்பமோ நாக்கின் வழியே குட்டியின் செல்லுக்குள் சென்று சேர்கிறது.

எனவே, அச்சத்தைப் பற்றிய இவ்வாய்வுகள் காட்டும் வழி தெளிவானது. மரபணு என்பது பிறப்பில் எழுதி முடித்த தீர்ப்பு அன்று. அது உரிய பருவத்தில், உரிய இடத்திலிருந்து வரும் செய்தியை எதிர்நோக்கியிருக்கும் ஒன்று. அச்செய்தி முதலில் கருவறையிலிருந்தும் பிறகு கூட்டிலிருந்தும் வருகிறது. அவற்றைத் தாங்கி நிற்பவள் தாய். குட்டியின் அச்சத்தைத் தணிக்க விரும்பும் சமூகம் தன் பணியைக் குட்டி பிறந்தபின் தொடங்கினால் பாதி வழி கடந்தே தொடங்கியதாகும். கருவுற்றவளின் உணவையும் உறக்கத்தையும் அச்சமின்மையையும் காப்பதிலேயே அப்பணி தொடங்குகிறது. கறுப்பு மயிருடன் பிறந்து, சுவரோரம் ஒண்டி நின்ற அந்தச் சுண்டெலிகள் தம் உடலால் சுட்டிச் சென்றது இதனையே.